பத்து நிமிட கோல்ஃப்

நிஜ கோல்ஃப் மைதானத்தில் நான் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் இரவு சாப்பிட்ட பிறகு 'நியோ டர்ஃப் மாஸ்டர்ஸ்' போடாமல் படுப்பதில்லை. 1996இல் நியோ ஜியோ என்ற, காசு போட்டு ஆடும் ஆர்கேடு இயந்திரத்துக்காக நாஸ்கா நிறுவனம் செய்த வீடியோ கோல்ஃப் விளையாட்டு இது. 'மெட்டல் ஸ்லக்' என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைச் செய்தவர்களும் அவர்கள்தான். நான் ஆடுவது நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில்.

பொத்தானின் முதல் அழுத்தலில் அடியின் வேகம், இரண்டாவதில் பந்தின் உயரம். அவ்வளவுதான். எதிர்காற்றா? பந்தைத் தாழ்வாக அடி. முன்னால் மரமா? தூக்கி அடி. சொல்ல எளிது, திரையில் அளவு காட்டும் கோடு ஓடும் வேகத்தில் கட்டைவிரல் ஒரு நொடி தாமதித்தால் பந்து தண்ணீரில். ஆட்டக்காரர்களில் நான் பிடிவாதமாகப் பலமாக அடிக்கும் 'பவர் கோல்ஃபரை'யே எடுப்பேன், மணலில் கிடந்து சாவேன், அது வேறு கதை.

காசு போட்டு ஆடும் காலத்து விளையாட்டு என்பதால் சில குழிகள்தான் கைவசம் இருக்கும். பேர்டி, அதாவது குறித்த எண்ணிக்கையைவிட ஓர் அடி குறைவாக முடித்தால், ஒரு குழி கூடுதலாகக் கிடைக்கும். அதனால் பந்தைக் குழிக்குள் உருட்டும் ஒவ்வொரு பட்டிங்கிலும் நெஞ்சு படபடக்கும். பந்து குழியைச் சுற்றியுள்ள பச்சைப் புல்தரையில் விழுந்ததும் ஓர் ஆள் உற்சாகமாக "ஆன் த கிரீன்!" என்று கத்துவான் பாருங்கள், அதற்காகவே இன்னொரு ஆட்டம்.

மைதானங்கள் கொஞ்சம்தான். எனக்கு ஜெர்மனி மைதானமே இன்னும் முடியவில்லை.