கேனான் 200டி, நிகான் டி5600: கையில் எடுத்ததும் தெரியும் வித்தியாசம்

விவரப் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு டிஎஸ்எல்ஆர் கேமராக்களும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் 24.2 மெகாபிக்சல், நொடிக்கு 5 படம், வெளியே இழுத்துத் திருப்பும் தொடுதிரை. பேட்டரியும் கார்டும் போட்டால் கேனான் 453 கிராம், நிகான் 465. கையில் பிடித்துப் பார்த்தால்தான் இரண்டும் வேறு வேறு ஆட்களுக்குச் செய்தவை என்பது புரியும்.

பிடிமானத்தில் நிகானுக்கே என் ஓட்டு. அதன் கைப்பிடி ஆழமானது, விரல்கள் உள்ளே போய் உட்காரும். 200டி-யின் உயரம் குறைவு. சற்றுப் பெரிய கையென்றால் சுண்டுவிரல் அடியில் அந்தரத்தில் நிற்கும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸோடு இது உறுத்தாது. 70-300 போன்ற நீள லென்ஸை மாட்டினால் மணிக்கட்டு சீக்கிரம் சலித்துவிடும். லென்ஸுக்கு அடியில் இடது உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்குவதே வழி.

நிகானில் ஆன்-ஆஃப் வளையம் ஷட்டர் பொத்தானைச் சுற்றியே இருக்கிறது, ஆட்காட்டி விரலே போதும். கேனானில் மோட் டயல் பக்கத்தில் தனி நெம்புகோல்: ஆஃப், ஆன், அதற்கு அடுத்து வீடியோ. அவசரத்தில் ஒரு படி கூடத் தள்ளினால் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே ஏறி, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருட்டாகிவிடும். கேமரா கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம், ஒரு படி பின்னால் இழுத்தால் சரி.

வ்யூஃபைண்டரில் காட்சி தெரியும் அளவு கேனானில் 0.87 மடங்கு, நிகானில் 0.82 என்று போட்டிருக்கும். ஏமாறாதீர்கள். படத்தைப் பதியும் சென்சாரின் அளவுக்கேற்ப கேனானை 1.6-ஆலும் நிகானை 1.5-ஆலும் வகுத்தால் 0.54, 0.55. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் படத்தில் 95 சதவீதம்தான் காட்டும் என்பதால், ஓரத்தில் நீங்கள் பார்க்காத மரக்கிளை படத்தில் எட்டிப் பார்க்கும். புதுக் கேமராவில் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் பார்வைக்கேற்ப வ்யூஃபைண்டரைச் சரிசெய்யும் பக்கத்துச் சிறு டயாப்டர் சக்கரத்தைத் திருப்புவது. காட்சியைப் பார்த்துத் திருப்பாதீர்கள்; உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகும் வரை திருப்புங்கள். இதை விட்டுவிட்டு, ‘ஃபோகஸ் சரியில்லை’ என்று லென்ஸைத் திட்டுபவர்கள் ஏராளம்.

அளவுகளை மாற்ற இரண்டிலும் ஒரே ஒரு டயல்தான், ஆனால் இடம் வேறு. நிகானில் அது கட்டைவிரலுக்கு. ஷட்டர் பொத்தானிலிருந்து ஆட்காட்டி விரலை எடுக்காமலே ஷட்டர் வேகத்தை மாற்றலாம். கேனானில் ஷட்டர் பொத்தானுக்குப் பின்னால், அதனால் விரல் இடம் மாறியாக வேண்டும். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவல் மோடில் அபெர்ச்சரை (லென்ஸ் திறப்பின் அளவை) மாற்ற, இரண்டிலுமே இன்னொரு பொத்தானை அழுத்திக்கொண்டு டயலைச் சுற்ற வேண்டும். ஒளிக்கான உணர்திறனை மாற்றும் ஐஎஸ்ஓ-வுக்கு 200டி-யில் மேலே தனிப் பொத்தான் உண்டு. நிகானில் இல்லை, முன்பக்க எஃப்என் பொத்தானுக்கு அந்த வேலையைக் கொடுத்துக்கொள்ளலாம்.

ஃபோகஸில்தான் கதை பிரிகிறது. வ்யூஃபைண்டர் வழியே நிகானுக்கு 39 ஃபோகஸ் புள்ளிகள், கேனானுக்கு 9. கூர்மையாக விழும் ஆழம் மிகக் குறைந்த எஃப் 1.8 அபெர்ச்சரில் முகம் எடுக்கும்போது, நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்துவிட்டுக் கேமராவை நகர்த்தினால் ஃபோகஸ் காதுக்கு வழுக்கிவிடும். நிகானில் கண்ணருகிலேயே ஒரு புள்ளி கிடைக்க வாய்ப்பு அதிகம். வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே திரையில் கட்டைவிரலைத் தேய்த்துப் புள்ளியை நகர்த்தும் வசதியும் உண்டு. இடது கண்ணால் பார்ப்பவர்கள் அதை அணைத்துவிடுவது நல்லது. மூக்கு பட்டுப் புள்ளி தாவும்.

திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவுக்குப் போனால் நிலைமை தலைகீழ். கேனானின் டூயல் பிக்சல் ஃபோகஸ், திரையில் தொட்ட இடத்தைத் தயங்காமல் பிடிக்கும். நிகான் முன்னும் பின்னும் தேடித்தான் நிற்கும். திரையைப் பார்த்தே படம் எடுப்பவர், வீடியோக்காரர் எல்லோரும் 200டி பக்கம் போகலாம்.

பழைய லென்ஸ் கைவசம் இருந்தால் கவனம்: டி5600 உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. சொந்த மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ். கேனானின் இஎஃப் லென்ஸ்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நிகானின் ஏஎஃப்-பி 18-55 கிட் லென்ஸ் சுருங்கிய நிலையில் இருந்தால் படம் எடுக்காது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தியபடி ஜூம் வளையத்தைத் திருப்பி நீட்ட வேண்டும்.

ட்ரைபாட் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 200டி-யில் மெமரி கார்டு அடியில், பேட்டரிக் கதவுக்குள். கேமராவின் அடியில் மாட்டும் ட்ரைபாட் பிளேட்டைக் கழற்றாமல் எடுப்பது சிரமம். டி5600-இல் பக்கவாட்டில் தனிக் கதவு.