கிம்ப்ல பேனர் பண்ணி 6 வருஷம்: அந்த ஒரு டிக் பாக்ஸ் மட்டும் இல்லன்னா

போன வாரம் பழைய ரூம்மேட் ஃபோன் பண்ணி, "டேய், நீ இன்னும் அந்த கிம்ப்லதான் பேனர் பண்றியா, காசு குடுக்காம அதுலயே ஓட்டிரலாமாடா"ன்னு கேட்டான். அன்னைக்கு காலைலதான் ஒரு ஆடித் தள்ளுபடி பேனர் ரிஜெக்ட் ஆகி வந்திருந்துச்சு. "வேணாம்டா"ன்னு சொல்லி வச்சிட்டேன். அப்புறம் யோசிச்சா, 6 வருஷமா சோறு போட்டதை ஒத்தை வார்த்தைல முடிச்சது உறுத்துச்சு, அதான் உக்காந்து எழுதறேன். கிம்ப்ங்கறது படம் பண்ற இலவச சாஃப்ட்வேர், நான் அதுல வெப்சைட் ஓரத்துல ஆடற விளம்பர பேனர் பண்றேன். அதை எங்க இறக்கறதுங்கறதெல்லாம் இங்க சொல்லப்போறதில்ல. என்கிட்ட இருக்கறது 2.10 வெர்ஷன், 3.0 வந்துருச்சு தெரியும், என் கம்ப்யூட்டர் இருக்கற நிலைமைல அதை தொடற தைரியம் இல்ல.

ரிஜெக்ட் ஆனது லூப்பால, அதாவது படம் திரும்பத் திரும்ப சுத்தறதால. விளம்பரம் எடுக்கறவங்க எனக்குச் சொல்லியிருக்கறது ரெண்டே விதி, 30 செகண்டுக்குள்ள ஆடி முடிச்சு நின்னுரணும், 150 கேபி தாண்டக்கூடாது. சரிதான், ஓரத்துல ஒன்னு மினுக் மினுக்னு ஆடிட்டே இருந்தா நியூஸ் படிக்கறவனுக்கு கண்ணு பூத்துரும். ஆனா கிம்ப்ல ஜிஃப்பா, அதான் அசையற பட ஃபைலா, எக்ஸ்போர்ட் பண்றப்ப 'லூப் ஃபாரெவர்'னு ஒரே ஒரு டிக் பாக்ஸ். போட்டா விடிய விடிய ஆடும், எடுத்தா ஒரு தடவை ஆடிட்டு படுத்துரும். என் பேனர் 5 ஃபிரேம், அதாவது ஒண்ணு மாத்தி ஒண்ணு வர்ற 5 படம், ஃபிரேமுக்கு 2 செகண்டு, 3 சுத்து சுத்தினா கரெக்டா 30. அந்த 3ங்கறத எங்க சொல்றது? இடமே இல்ல.

இதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி இருக்கே, அதைச் சொல்லும்போது மட்டும் எனக்கு கோவம் போயிரும். ஜிஃப் ஃபைலை, உள்ள இருக்கற பைட்டை எல்லாம் நம்பரா காட்டற ஒரு ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்தா, அத்தனை குப்பைக்கு நடுவுல 'நெட்ஸ்கேப்2.0'ன்னு பேரு தெளிவா எழுதியிருக்கும்! 1989ல ஜிஃப்போட 89ஏ வடிவம் வந்தப்ப லூப்ங்கற சமாச்சாரமே அதுல கிடையாது, பின்னாடி நெட்ஸ்கேப் பிரவுசர்காரங்க தங்களுக்குன்னு ஒட்டுப்போட்டு சேர்த்தது, அந்த பிரவுசர் போய் சேர்ந்து எவ்வளவு வருஷம் ஆச்சு, இன்னைக்கும் ஆடி தள்ளுபடி பேனர் சுத்தறது அவங்க பேர்லதான். அந்த பேருக்கு அடுத்து 03 01 00 00 00ன்னு இருக்கும். 01க்கு அடுத்து வர்ற முதல் 00ஐ 02 ஆக்கிட்டா, முதல் தடவை போக இன்னும் 2 தடவை சுத்திட்டு நிக்கும். இதை முதல்ல செஞ்சு பாத்த ராத்திரி வீட்டுல எழுப்பி காட்டினேன், "இதுக்கா எழுப்பின"ன்னு திட்டு விழுந்துச்சு. கமாண்ட் லைன்ல ஜிஃப்சிக்கிள்ங்கற டூல் வச்சும் இதையே பண்ணலாம், ஆனா கையால மாத்தற சுகம் அதுல இல்ல.

பிரச்சனை என்னன்னா ஒவ்வொரு தடவை எக்ஸ்போர்ட் பண்றப்பவும் அது பழையபடி 00 ஆயிரும். கடைக்காரர் ராத்திரி 11 மணிக்கு "தம்பி 30 சதவீதம் வேணாம், 35 போட்ருங்க"ன்னு மெசேஜ் போடுவாரு, தூக்கக் கலக்கத்துல எண்ணை மாத்தி அனுப்பிருவேன், 02 மறந்துரும், காலைல ரிஜெக்ட். தப்பு என்னோடதுதான், ஆனா அந்த டிக் பாக்ஸ் பக்கத்துல ஒரு சின்ன கட்டம் வச்சிருந்தா இந்த தப்பே நடக்காதுல்ல?

லேயர் பேர் விஷயமும் இருக்கு. ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு லேயர், ஒன்னு மேல ஒன்னு அடுக்கின தாள் மாதிரி, எத்தனை நேரம் நிக்கணும்ங்கறத லேயரோட பேர்லயே அடைப்புக்குறி போட்டு மில்லிசெகண்டுல எழுதணும், எழுத்துப்பிழை வந்தா கண்டுக்காம எக்ஸ்போர்ட்ல இருக்கற 100 மில்லிசெகண்டை எடுத்துக்கும். 5 ஃபிரேமும் அரை செகண்டுல பறந்துரும். இதெல்லாம் பழகிருச்சு.

கலர்ல மட்டும் கிம்ப் மேல கோவப்பட முடியாது, பாதி ஜிஃப்போட விதி. ஒரு படத்துக்கு 256 கலர்தான், கிம்ப் அதையும் எல்லா ஃபிரேமுக்கும் சேர்த்து ஒரே பட்டியலா வச்சுக்குது, அதனால மெரூன் பட்டு ஒரு ஃபிரேம், மயில் பச்சை ஒரு ஃபிரேம்னு வச்சா ரெண்டும் அடிச்சுக்கும், ஜரிகை தங்கம் கோதுமை மாவு மாதிரி வெளுத்துரும். டிதரிங்னு ஒன்னு இருக்கு, அதைப் போட்டா இல்லாத கலரை புள்ளி புள்ளியா கலந்து கொஞ்சம் சமாளிக்கும், ஆனா அந்த புள்ளிகளாலயே சைஸ் எகிறும், ஏன்னா ஜிஃப் வரிசை வரிசையா படிச்சு ஒரே மாதிரி வர்றதைத்தான் சுருக்குது. அதனால இப்ப பின்னணில ஷேட் வேணும்னா மேலருந்து கீழதான் போடறேன், இடமிருந்து வலம் போடறதில்ல, இதுலயே நல்லா கேபி மிச்சம் ஆகுது. புடவை ஃபோட்டோ ஒரே ஃபிரேம்ல, மத்த நாலும் தட்டையான கலர்ல எழுத்து.

எழுத்துன்னதும்தான் சொல்லணும், தமிழ் விஷயத்துல கிம்ப்பை குறை சொன்னா நாக்கு அழுகிரும். முன்னாடி மாச வாடகை கட்டி ஒரு பெரிய சாஃப்ட்வேர் வச்சிருந்தேன், பேரு வேணாம், அதுல 'கொண்டாட்டம்'னு அடிச்சா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் ஓடும், செட்டிங்கை தோண்டி மாத்தினாதான் ஒழுங்கா வரும். இங்க பலூ தம்பியோ முக்தா மலரோ போட்டு அடிச்சா முதல் தடவையே சரியா உக்காருது. 300க்கு 250 பிக்சல் பேனர்ல அழகா இருக்கு. மொபைலுக்கு 320க்கு 50ல மட்டும் 'அதிரடித் தள்ளுபடி'ங்கறத நுழைக்கறதுக்குள்ள நமக்கே அதிரடி ஆயிரும், அது தமிழோட நீளம், அதுக்கு கிம்ப் என்ன பண்ணும்.

இவ்வளவும் சொல்லிட்டு, ரூம்மேட்டுக்கு என் பதில் இன்னும் வேணாம்தான். முன்னாடி ஆடற விளம்பரமெல்லாம் பண்ணின ஃப்ளாஷ் 2020 கடைசியோட போனதுக்கு அப்புறம் பெரிய வேலை எல்லாம் வெப் பக்கம் எழுதற ஹெச்டிஎம்எல்5ல கேக்கறாங்க, இனிமே புதுசா தொடங்கறவன் அதையே கத்துக்கட்டும். நான் மாற மாட்டேன். இப்பகூட அந்த 35ஐ 40 ஆக்கச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு, மணி 11:20.