ரிப்பேர் செய்த இசிஎம்மா, செகண்ட் ஹேண்டா, புதுசா? கியர்பாக்ஸை வைத்து ஓர் அலசல்

போன ஐப்பசி மழையில் என் காரின் இசிஎம்முக்குள், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள், தண்ணீர் போய்விட்டது. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் புங்கமரம் ஒன்று உண்டு, அதன் நிழலில்தான் வண்டி நிற்கும். வைப்பருக்கு அடியில் இருக்கும் தட்டில் இலை விழுந்து விழுந்து வடிகால் ஓட்டை அடைத்துக்கொண்டது. தேங்கிய தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே பெட்டி வரைக்கும் இறங்கியிருக்கிறது. ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரில் எல்லா விளக்கும் எரிகிறது, இன்ஜின் மட்டும் கிளம்பவில்லை.

வண்டி ஆறு கியர் ஆட்டோமேட்டிக், இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை. முன்னால் மூன்று வழிகள் இருந்தன. இருந்த பெட்டியையே போர்டு ரிப்பேர் செய்வது முதல் வழி. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் கழற்றிய பழைய பெட்டியை வாங்கிப் போடுவது இரண்டாவது. கம்பெனியில் புதுசு ஆர்டர் போடுவது மூன்றாவது. நான் முதல் வழியில் போனேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ரிப்பேர் முடிந்த மறுநாளே கியர்பாக்ஸ் தகராறு செய்தது. அதைச் சரி செய்யும்போதுதான் இந்த மூன்றுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் எனக்குப் புரிந்தது.

விலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்த கணக்கில் ரிப்பேர் 9,500 ரூபாய். பழைய பெட்டி 14,000, அதை வண்டியோடு சேர்த்து வைக்கக் கூலி தனி. புதுசு 60,000-க்கு மேல், மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். விலை யாருக்கும் தெரிந்த விஷயம்தான். முடிவை மாற்றுவது அது இல்லை. பெட்டிக்குள் எழுதி வைத்திருக்கும் தகவல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

என் வண்டி மாதிரி ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், கியர்பாக்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டர். இரண்டும் கேன் பஸ் என்கிற இரண்டு ஒயரில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். 'இப்போது இவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) தருகிறேன்' என்று இன்ஜின் சொல்லும். அதை வைத்துத்தான் கியர்பாக்ஸ் தன் ஆயில் அழுத்தத்தை முடிவு செய்யும். கியர் மாறும் நொடியில் 'கொஞ்சம் விசையைக் குறை' என்று கியர்பாக்ஸ் கேட்கும், இன்ஜின் குறைக்கும். இந்தப் பேச்சில் தப்பான எண் வந்தால் அழுத்தம் கூடி வண்டி இடிக்கும், இல்லை குறைந்து வழுக்கும். பேச்சே நின்றுபோனால் கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே கியரில் நின்றுவிடும். அதைத்தான் லிம்ப் மோடு என்கிறோம். இன்ஜின் பெட்டியைத் தொட்ட பிறகு கியர் இடித்தால், நல்ல கியர்பாக்ஸ்கூடக் கெட்டுப்போனது மாதிரி தெரிவது இதனால்தான்.

இப்போது செகண்ட் ஹேண்ட் பெட்டியை எடுத்துக்கொள்வோம். வெளியே பார்த்தால் அச்சு அசல் ஒன்றுதான். ஆனால் அது வேறொரு வண்டியின் சாவியைத்தான் அடையாளம் கண்டுகொள்ளும். வேறு சாவிக்கு வண்டியைக் கிளம்ப விடாத இம்மொபிலைசர் தகவலை மாற்றி எழுதினால்தான் கிளம்பும். அதைக்கூடச் செய்துவிடலாம். பெரிய ஆபத்து வேறு. ஒரே இன்ஜின் மேனுவல் கியரிலும் ஆட்டோமேட்டிக்கிலும் வரும்போது, பெட்டியின் கூடும் சாக்கெட்டும் ஒரே மாதிரி இருக்கலாம், உள்ளே மென்பொருள் வேறாக இருக்கும். மேனுவல் வண்டிப் பெட்டியை மாட்டினால் இன்ஜின் அழகாக ஓடும், ஆனால் கியர்பாக்ஸ் எதிர்பார்க்கும் செய்தியை அது அனுப்பவே அனுப்பாது. ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போகாமல் பழைய பெட்டி வாங்கவே கூடாது.

புதுப் பெட்டியில் இந்தக் குழப்பம் இல்லை. கம்பெனி ஸ்கேனரில் போட்டு உங்கள் வண்டிக்கான மென்பொருளை ஏற்றித் தருவார்கள். ஆனால் பழைய பெட்டி ஓடி ஓடிக் கற்றுக்கொண்ட திருத்தங்கள் எல்லாம் பூஜ்ஜியம். கியர்பாக்ஸையும் இந்தப் பெட்டியே இயக்கும் வண்டிகளில் வேலை இன்னும் கூடும். சில டொயோட்டா கியர்பாக்ஸ்களில் சாலினாய்டுகளின் (ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வுகள்) திருத்த எண்கள் கியர்பாக்ஸ் மேலேயே ஒரு லேபிளில் அச்சடித்திருக்கும். பெட்டி மாற்றினால் அந்த எண்களைப் பதிய வேண்டும். விட்டுவிட்டால் கியர் இடிக்கும். உத்தரவாதம் வேண்டும், பணம் பிரச்சினை இல்லை என்பவர்களுக்குப் புதுசு நியாயமான தேர்வுதான்.

சொந்தப் பெட்டியை ரிப்பேர் செய்தால் சாவி, மென்பொருள், வண்டியின் அடையாள எண் எல்லாம் உள்ளேயே இருக்கும். பெங்களூரு சாலையில் எனக்கு வேலை செய்து கொடுத்த பாய் மூடியைத் திறந்து காட்டினார். போர்டின் மேல் ஜெல்லி மாதிரி சிலிக்கோன். சாக்கெட் ஓரத்தில் நான்கு பின்கள் பாசி படிந்தது போலப் பச்சையாக இருந்தன. பக்கத்தில் எட்டுக் காலோடு ஒரு சின்ன சிப். அதைக் காட்டி, "சாலிடர் அடிக்கறது பெருசு இல்ல சார். இதுல இருக்கற டேட்டாவ மொதல்ல காப்பி எடுத்து வெச்சுக்கணும், அப்புறம்தான் இரும்பு வைக்கணும்" என்றார். ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: வேலை தொடங்கும் முன் காப்பி எடுப்பீர்களா?

பெட்டி திரும்பி வந்தது, வண்டி கிளம்பியது. மறுநாள் காட்பாடி மேம்பாலம் ஏறும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகையில் பின்னாலிருந்து யாரோ இடித்தது போல ஒரு குலுக்கல். அரை மணி நேரம் வெயிலில் ஓடியதும் லிம்ப் மோடு. ஒரு ஒர்க்‌ஷாப்பில், "பாக்ஸுக்குள்ள தண்ணி போயிருக்கும், எறக்கிப் பாத்துடலாம் சார்" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கியர் ஆயிலில் தண்ணீர் கலந்தால் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிடும். என் ஆயில் நல்ல சிவப்பு, கருகல் வாசனையும் இல்லை. மழைக்கு முன்னால் நன்றாக ஓடிய கியர்பாக்ஸ், இன்ஜின் பெட்டியைக் கழற்றி மாட்டிய மறுநாள் தானாகக் கெடாது.

ஸ்கேனரில் முதலில் வந்த பழுதுக் கோடு (code) பி0700. இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து கியர்பாக்ஸ் இறக்குகிறவர்கள் உண்டு. 'கியர் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்' என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் யு0100. அதாவது இன்ஜின் பெட்டியின் குரல் கேட்கவில்லை. புகார் கொடுப்பது கியர்பாக்ஸ், ஆனால் பழுது அதனிடம் இல்லை.

பேட்டரி 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14. பெட்டியின் எர்த் போல்ட்டில் வோல்ட் இழப்பு 0.1-க்குக் கீழே. அதெல்லாம் சரி. அடுத்தது கேன் ஒயர். பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6-ஆவது, 14-ஆவது பின்களில் மல்டிமீட்டரை வைத்தோம். அந்த இரட்டை ஒயரின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும், இரண்டும் இணையாக (parallel) இருப்பதால் 60 காட்ட வேண்டும். எங்களுக்குக் காட்டியது 119. ஒரு முனை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். என் வண்டியில் அந்த முனை இன்ஜின் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மறுபடி திறந்து பார்த்தால் ரெசிஸ்டரின் ஒரு கால் போர்டில் பிடிக்கவில்லை. பார்வைக்கு ஒட்டியிருந்தது, குண்டூசியால் தொட்டால் அசைந்தது. பாய் பத்து நிமிஷத்தில் அடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மீட்டர் 60.2 காட்டியபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமில்லை.

லிம்ப் மோடு அதோடு போனது. குலுக்கல் பாதிதான் குறைந்தது. மீதிக்குக் காரணம், பெட்டிக்கு மின்சாரம் போய் வந்ததில் த்ராட்டிலின் (இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் கதவு) மூடிய நிலை மறந்துபோயிருந்தது. அது சரியில்லாவிட்டால் இன்ஜின் சொல்லும் டார்க் கணக்கும் சரியாக இருக்காது. ஸ்கேனரில் த்ராட்டில் லேர்னிங் செய்து, அதற்குப் பிறகு கியர்பாக்ஸ் ஓடி ஓடிக் கற்று வைத்திருந்த பழைய பாடத்தை அழித்தோம். இந்த வரிசை முக்கியம். இன்ஜின் கணக்கு தப்பாக இருக்கும்போது கியர்பாக்ஸுக்குப் பாடம் எடுத்தால் அது தப்பான பாடத்தையே படிக்கும்.

பாடம் எடுப்பது பெரிய வித்தையும் இல்லை. விடியற்காலை ஆறு மணிக்கு வாலாஜாபேட்டை பக்கம் கிளம்பினேன். இருபது கிலோமீட்டர் ஓட்டி ஆயிலைச் சூடாக்கிக்கொண்டு, நெரிசல் இல்லாத சர்வீஸ் ரோட்டில் நின்ற இடத்திலிருந்து மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்து ஒவ்வொரு கியராக ஏற விட்டேன். மேல் கியருக்குப் போனதும் பிரேக்கை நிதானமாக மிதித்து நிறுத்தி, டி-யிலேயே சில விநாடி நிற்க விட்டேன். மறுபடி அதே. ஐந்தாவது தடவையில் குலுக்கல் மங்கியது. பன்னிரண்டாவது தடவையில் டாக்கோமீட்டர் முள் இறங்குவதைப் பார்த்துத்தான் கியர் மாறியதே தெரிந்தது.

இவ்வளவும் செய்த பிறகும் இடித்தால்தான் சாலினாய்டு ஓம், ஸ்பீடு சென்சார், கடைசியில் ஆயிலைப் பங்கிடும் வால்வ் பாடி என்று போக வேண்டும். பி0730, அதாவது கியர் விகிதம் தப்பு என்ற கோடு வந்து, ஆயிலும் கருகியிருந்தால் மட்டும் கியர்பாக்ஸ் ஆளைத் தேடுங்கள்.

என் அனுபவம் இந்த ஒரு வண்டியோடு சரி. மேனுவல் கியர்பாக்ஸையே தானாக இயக்கும் ஏஎம்டியில் கிளட்ச் பிடிக்கும் புள்ளியை ஸ்கேனரில்தான் கற்றுக்கொடுக்க வேண்டும், ஓட்டி மட்டும் தீராது. சிவிடி, டூயல் கிளட்ச் என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகை வண்டிகளை நான் தொட்டதில்லை, அவற்றுக்கு இந்த ஓட்டும் முறையை அப்படியே சொல்ல மாட்டேன். கம்பெனி வாரண்டி மிச்சம் இருக்கும் வண்டியில் பெட்டியை வெளியே திறக்கவே வேண்டாம். மைய சிப்பே கருகிப்போன போர்டு என்றாலும் ரிப்பேரை நம்ப மாட்டேன். அப்போது அதே பார்ட் நம்பரில் பழையது வாங்கி, என் பெட்டியின் தகவலை அதில் ஏற்றச் சொல்வேன்.

என் பெட்டி நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயிலைத் தாண்டிவிட்டது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்கியாகிவிட்டது, ஒரு பழுதுக் கோடும் வரவில்லை. இன்னொரு ஐப்பசி மழையை மட்டும் அது இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வைப்பர் தட்டில் கைவிட்டு இலையை அள்ளிப் போட்டு, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அது டயர் பக்கமாக வடிகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.