7 கியர் சைக்கிளுக்கு 9 கியர் ஷிஃப்டர்: "டைட் பண்ணினா சரியாகிடும்" என்றால் நம்பாதீர்கள்

ஹட்டன் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் செய்த வேலை இது. பழைய ஜப்பான் சைக்கிள், பின்னால் 7 பல்சக்கரம் (சுருக்கமாகப் 'பல்'), உடைந்தது ஷிஃப்டர், அதாவது கைப்பிடியில் கியர் மாற்றும் விசை, மட்டும். கடையில் கிடந்த 9 கியர் ஷிஃப்டரைப் பூட்டி, "இதுவும் ஷிமானோ கம்பெனிதான்" என்று காசை வாங்கிக்கொண்டார்கள். ஸ்டாண்டில் தூக்கிச் சுற்றியபோது நடு கியர்கள் சுத்தமாக விழுந்தன. தலவாக்கலை தாண்டி நுவரெலியாப் பக்கம் ஏறும்போது பெரிய பல்லில் செயின் நிற்கவில்லை. எழுந்து மிதித்தால் மிதி வெறுமனே இறங்கியது. பின்னால் பஸ் வரும் வளைவில் இப்படி நடந்தால் ஆளே விழுவார். திரும்பக் கொண்டுபோன ஒவ்வொரு முறையும் கேபிளை டைட் பண்ணித்தான் அனுப்பினார்கள்.

டைட் பண்ணி இது தீராது. ஷிமானோவின் 7 கியர் ஷிஃப்டர் ஒரு க்ளிக்குக்கு 2.9 மி.மீ. கேபிள் இழுக்கும். பழைய பின் டீரெய்லர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் கருவி, அதை 1.7 மடங்காக்கி நகரும். அதாவது ஏறக்குறைய 5 மி.மீ. 7 பல்சக்கர இடைவெளியும் அதேதான். 9 கியர் ஷிஃப்டர் இழுப்பது 2.5 மி.மீ., டீரெய்லர் நகர்வது 4.3தான். ஒவ்வொரு க்ளிக்கிலும் 0.7 குறை. நடுப்பல்லில் சரிபார்த்தால் இரண்டு ஓரங்களிலும் 2 மி.மீ. பிசகும். கேபிள் திருகு எல்லாப் பல்லையும் ஒரே பக்கம் தள்ளுமே தவிர, ஒரு க்ளிக்குக்கு நகரும் தூரத்தை மாற்றாது.

இதைவிட மோசம், பெரிய பல் விழவில்லையென்று டீரெய்லர் அளவுமீறி நகராமல் தடுக்கும் எல்லைத் திருகைத் தளர்த்திவிட்டிருந்தார்கள். 9 கியர் ஷிஃப்டரில் மிச்சமிருக்கும் க்ளிக்கைத் தட்டினால் செயின் நேரே சில்லுக் கம்பிக்குள் போகும். கம்பி அறும், டீரெய்லர் சுருண்டு உள்ளே இழுபடும்.

காசு கொடுக்குமுன் வீட்டிலோ கடையிலோ பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. டீரெய்லரில் கேபிளைக் கழற்றுங்கள். ஷிஃப்டரை முழுக்கத் தளர்த்தி, கேபிள் வெளியே வருமிடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். கேபிளைக் கையால் இழுத்துப் பிடித்தபடி ஆறு க்ளிக் தட்டி, கோடு எவ்வளவு உள்ளே போனதென்று அளவுகோலால் பாருங்கள். 17 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே என்றால் 7 கியர் ஷிஃப்டர். 15 என்றால் 9. பல்சக்கரத்தையும் அளக்கலாம்: முதல் பல்லின் நடுவிலிருந்து கடைசிப் பல்லின் நடுவரை 30 மி.மீ. இருந்தால் 7.

8 கியர் ஷிஃப்டர் (2.8 மி.மீ.) அவசரத்துக்கு ஒப்பேறும், ஓரத்தில் கொஞ்சம் சத்தம் வரும். ஸ்ராம் என்ற இன்னொரு கம்பெனியின் சொந்த அளவு ஷிஃப்டர்கள் ஷிமானோ டீரெய்லருக்கு ஆகவே ஆகாது, கேபிள் மிக அதிகமாக இழுபடும். அவர்களின் முறுக்குப்பிடி ஷிஃப்டர்களில் ஷிமானோவுக்கென்றே செய்தவையும் உண்டு, பெட்டியைப் படித்துப் பாருங்கள். சரியான 7 கியர் ஷிஃப்டர் கிடைக்காவிட்டால், க்ளிக் இல்லாத பழைய உராய்வு லீவர் கேளுங்கள். எந்தப் பல்சக்கரத்துக்கும் அது பொருந்தும். கையால் உணர்ந்து நிறுத்தப் பழகினால் போதும்.

"செயின்தான் தேய்ந்திருக்கு" என்று பழியை அங்கே போட்டால் அதையும் அளக்கலாம். 24 கண்ணி புதுசில் சரியாக 12 அங்குலம். அங்குலத்தில் பதினாறில் ஒன்று நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒன்று என்றால் பல்சக்கரமும் போயிருக்கும்.

அதே சைக்கிளில் கியர் கேபிளுக்கு மேலுறையாக பிரேக் உறை போட்டிருந்தார்கள். பிரேக் உறை சுருள் கம்பியாலானது, அமுங்கும், அதனால் க்ளிக் மழுங்கும். இதையே மாற்றி, பிரேக்குக்கு கியர் உறை போட்டால் உயிருக்கே ஆபத்து. கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் கிடக்கும். பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் உறை பிளந்துவிடும். ரம்பொடை இறக்கத்தில் அது பிளந்தால் சைக்கிள் நிற்காது. உறையின் வெட்டுமுனையைப் பாருங்கள்: வட்டச் சுருள் தெரிந்தால் பிரேக், புள்ளி புள்ளியாகக் கம்பிமுனைகள் தெரிந்தால் கியர்.