ஒரே கணினியில் ஆறு ஜிசிசி

லாரி எடைமேடைகளுக்கான மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். எடைகாட்டும் கருவி சீரியல் கேபிள் வழியாக அனுப்பும் எண்ணைப் படித்து ரசீது அச்சிடும் ஒரு சி நிரல், அவ்வளவுதான். ஆனால் சில மேடைகளில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 20.04 பதிப்பு ஓடுகிறது, சிலவற்றில் 22.04, என் மேசையில் 24.04. சி நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கம்பைலராக இவற்றோடு வருவது ஜிசிசி; பதிப்புகள் முறையே 9, 11, 13. எல்லாவற்றையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள உபுண்டு தரும் வசதியை ஓராண்டாகப் பயன்படுத்துகிறேன்.

நிறுவுவது எளிது. 24.04-இன் மென்பொருள் களஞ்சியத்திலேயே 9 முதல் 14 வரை ஆறு பதிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் எண்ணைப் பெயரிலேயே தாங்கித் தனிக் கோப்புறையில் உட்காருகிறது. ஒன்று மற்றொன்றைத் தொடுவதில்லை. ஜிசிசி-9 என்று கூப்பிட்டால் 9 வருகிறது, ஜிசிசி-14 என்றால் 14.

இதன் அருமை எனக்குப் புரிந்தது 14-ஐ ஓட்டிய நாளில். சீரியல் போர்ட்டைத் தயார் செய்யும் ‘சிஎஃப்மேக்ரா’ என்ற செயற்கூற்றை என் நிரல் அழைக்கிறது. சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரமான சி99-ஐக் கண்டிப்பாகப் பின்பற்றச் சொல்லியிருந்ததால், செயற்கூறுகளைக் கம்பைலருக்கு அறிவிக்கும் ஹெடர் கோப்பு இதன் அறிவிப்பை மறைத்துவிட்டது. 9-ஆம் பதிப்பு எச்சரிக்கை மட்டும் தந்தது. நூறு வரிகளுக்கு நடுவே அதை நான் கவனிக்கவே இல்லை. அறிவிக்காத செயற்கூற்றை அழைப்பதை 2024-இல் வந்த 14 பிழையாகவே கருதி நிறுத்திவிடுகிறது. இத்தனை காலம் அந்த அழைப்பு எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் வாடிக்கையாளர்களிடம் ஓடியிருக்கிறது! சி99 என்றிருந்ததை, கூடுதல் வசதிகளையும் அனுமதிக்கும் ஜிஎன்யு99 என மாற்றியதும் சரியாயிற்று.

இனி, நான் பட்ட பாடு. மேசைக் கணினியில் ஜிசிசி-9 இருக்கும்போது 20.04 மேடைக்கான நிரலையும் இங்கேயே உருவாக்கிவிடலாம் என்று நம்பினேன். பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஒரு கல்குவாரிக்குப் போனேன். நிரல் திறக்கவே இல்லை, ‘ஜிலிப்சி 2.34 காணப்படவில்லை’ என்ற வரி மட்டும் திரையில் வந்தது. “சார், நாலு லாரி நிற்கிறது” என்றார் மேடை ஆபரேட்டர். பழைய நிரலைத் திரும்பப் போட்டுவிட்டு வந்தேன்.

கம்பைலர்கள் ஆறு என்றாலும் அவை எல்லாம் இணைவது கணினியில் இருக்கும் ஒரே சி நூலகத்தோடுதான். 24.04-இல் அது ஜிலிப்சி 2.39, 20.04-இல் 2.31. நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறே 2.34-இல் புதிய பதிப்பு எண் பெற்றுவிட்டதால், இங்கே வழக்கமான முறையில் இணைத்த எந்த நிரலும் பழைய மேடையில் எழும்பாது. எந்தக் கம்பைலரைத் தேர்ந்தெடுத்தாலும் இதுதான் நிலை. கம்பைலர் தொகுப்பின் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். நான் எதிர்பார்த்த வேலை அதனுடையதே அல்ல. அதற்கு, வேறொரு பதிப்பின் சூழலைத் தனியே ஓட்டும் டாக்கர் என்ற கருவியில் 20.04 படிமம் ஒன்றை வைத்து, அதற்குள்ளேயே உருவாக்குகிறேன்.

‘அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்’ கொண்டு வெறும் ‘ஜிசிசி’ என்ற பெயரையே வேறு பதிப்புக்குத் திருப்பலாம் என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். சி கம்பைலரைத் திருப்பிவிட்டு சி++ கம்பைலரை மறந்த ஒரு மாலை முழுவதும் எனக்கு வீணானது. நிரலை உருவாக்கும் ‘மேக்’ கருவிக்கான கட்டளைக் கோப்பான மேக்ஃபைலில் எண்ணோடு பெயரை எழுதுங்கள். பதிப்புக்கு ஒரு கோப்புறை வையுங்கள். இல்லையென்றால், கம்பைலர் மாறியது மேக்குக்குத் தெரியாது, முன்பு கம்பைல் செய்த பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளையே எடுத்துக்கொள்ளும்.

ஒரே நிரலைப் பல பதிப்புகளில் சோதிக்க இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை. சி எழுதுபவர்கள் 9, 14 இரண்டையாவது நிறுவிக்கொள்ளுங்கள். பழைய கணினிக்கு அனுப்புவதாக இருந்தால், பென் டிரைவில் ஏற்றும் முன், நிரல் கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் ‘ஆப்ஜ்டம்ப்’ ஓட்டி, 20.04-க்கான நிரல் கேட்கும் ஜிலிப்சி எண் 2.31-ஐத் தாண்டவில்லையே என்று பாருங்கள். நான் இப்போது ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.