பொம்மை வீட்டுச் சாமானுக்குக் கட்டிய 8,400 ரூபாய் போச்சு, பார்த்து வாங்குங்க

கோபம் இன்னும் அடங்கவில்லை. போனில் படம் போட்டு மினியேச்சர் சாமான் விற்கிற ஒரு பக்கத்தில் 8,400 ரூபாய் போயிருக்கிறது. பெயர் போடவில்லை. நாளைக்கே பெயரை மாற்றிக்கொள்வார்கள், அவர்கள் ஏமாற்றுகிற விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்களுக்குத் தக்கலை. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்ததிலிருந்து மகளுக்கு அதே மாதிரி கறுப்புத் தரை போட்ட பொம்மை வீடு வேண்டும். திங்கள்சந்தை ஆசாரி ஒருவர் பிளைவுட்டில் அழகாக அறுத்துத் தந்தார்: நடுவில் முற்றம், சுற்றிலும் கூடம், மேலே மச்சு. எல்லாம் 1:12 கணக்கு, நிஜ வீட்டின் ஓரடி இங்கே ஓர் அங்குலம். தரைக்குக் கறுப்பு எனாமல் அடித்து, காய்ந்ததும் வாட்டர் பேப்பரால் தேய்த்து, மறுபடி அடித்து, முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். மச்சை மட்டும் ஒட்டவில்லை. விளக்கு ஒயரை இழுத்து, சுவரில் ஒட்டும் தாளுக்கு அடியில் மறைத்த பிறகுதான் அதை ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கை போகாது. நாற்காலி, கட்டில், ஊஞ்சல், விளக்கு எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் ஆர்டர் செய்தேன், வேலையெல்லாம் அந்தப் பார்சலுக்காக நின்றது.

அளவைக் கேட்காமல் பணம் போடவில்லை. விற்ற பெண் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து வீடியோவே அனுப்பினாள். இருக்கை ஒன்றரை அங்குல உயரம், 1:12க்குச் சரியான கணக்கு. "பாப்பாவுக்கு ஒரு குட்டிக் குத்துவிளக்கு நான் ஃப்ரீயா வைக்கிறேன் அக்கா, தைரியமா போடுங்க" என்றாள். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் 8,400 ரூபாயையும் மொத்தமாக அனுப்பினேன்.

வந்தது பாதி அளவுச் சாமான், 1:24. நாற்காலி இருக்கை முக்கால் அங்குலம். ஊஞ்சல் பித்தளைச் சங்கிலி என்றார்கள், நகத்தால் சுரண்டினால் தங்கப் பெயிண்ட் உரிந்து வெள்ளை பிளாஸ்டிக் தெரிகிறது. கட்டில் காலில் ஸ்டேப்ளர் பின். 3 வோல்ட் எல்இடிக்கு, கரண்டைக் கட்டுப்படுத்துகிற ரெசிஸ்டரே இல்லாமல் 9 வோல்ட் பேட்டரி கொடுத்திருக்கிறார்கள். போட்டதும் ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்து செத்துப்போனது. குழந்தை கையில் கொடுக்கிற சாமான் இது! குத்துவிளக்கு வரவே இல்லை.

போன் செய்தால் முதலில் "கூரியர்ல மாறியிருக்கும் அக்கா". அப்புறம் "பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா?" இருந்தது, அனுப்பினேன். உடனே பேச்சு மாறியது: "இது கஸ்டம் ஆர்டர், ரிட்டர்ன் கிடையாது." அக்கா போய் மேடம் வந்தது. வேறொருவர் பேசினார், "பொம்மைக்குப் போய் இவ்வளவு சண்டையா மேடம்?" என்று கேட்டார். 8,400 ரூபாய் அவருக்குப் பொம்மையா? மறுநாள் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். தனி ஆள் நம்பருக்கு முழுப் பணம் அனுப்பாதீர்கள். அளவு எவ்வளவு என்பதை மெசேஜில் எழுதி வாங்குங்கள், வீடியோ போதாது. எல்இடி வந்தால் பேட்டரி எத்தனை வோல்ட் என்று பார்க்காமல் மாட்டாதீர்கள். நுகர்வோர் உதவிக்கு 1915, பண மோசடிக்கு 1930. விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. நான் போடத்தான் போகிறேன். அந்த ஊஞ்சல் படம் இன்றைக்குக் காலையிலும் அவர்கள் பக்கத்தில் இருக்கிறது, கீழே யாரோ விலை கேட்டிருக்கிறார்கள்.