சிஸ்டம் உறைந்துபோனால்: எஸ்எஸ்எச்சா, சிஸ்ஆர்க்யூவா, நெட்கன்சோலா?

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் மவுஸ் நின்று, கீபோர்டும் செத்துவிட்டால் பலரும் செய்வது ஒன்றுதான்: பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு, மறுபடி பூட் ஆனதும் முந்தைய பூட்டின் ஜர்னலை, அதாவது சிஸ்டம் பதிவேட்டை, திறந்து பார்ப்பது. இருக்கிற வழிகளிலேயே நம்பகம் குறைந்தது இதுதான். அதை எழுதும் ஜர்னல்டி சாதாரணச் செய்திகளை இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் டிஸ்க்கில் உறுதிசெய்கிறது. மிகக் கடுமையான செய்திகளுக்கு மட்டுமே உடனடி எழுத்து. நமக்குத் தேவையான கடைசி நொடிகள் டிஸ்க்கை எட்டாமலே போய்விடலாம்.

என் முதல் தேர்வு எஸ்எஸ்எச். இன்னொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியே அதன்மூலம் உள்ளே நுழைய முடிந்தால், சிஸ்டத்தின் மையமான கெர்னல் உயிரோடு இருக்கிறது. சிக்கிக்கொண்டது திரையையும் கீபோர்டையும் கையாளும் எக்ஸ் சர்வரோ (சுருக்கமாக எக்ஸ்), விண்டோக்களைச் சேர்த்துக் காட்டும் கம்பாசிட்டரோ, ஜிபியு டிரைவரோதான். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கின் (dmesg) கடைசி வரிகளைப் பாருங்கள். அப்புறம் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் போட்டு எக்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். 'டி' என்று காட்டினால் அது கெர்னலுக்குள் காத்துக் கிடக்கிறது, கட்டாயமாக நிறுத்தும் கில் 9-க்கும் மசியாது. கேப்ஸ் லாக் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்துக் கெர்னல் செத்தது என்று முடிவுகட்டாதீர்கள். எக்ஸ் ஓடும்போது அந்த விளக்கை இயக்குவதும் எக்ஸ்தான்.

இரண்டாவது கணினி இல்லையென்றால் மேஜிக் சிஸ்ஆர்க்யூ, அதாவது கெர்னலுக்கு நேராகக் கட்டளையிடும் கீ கூட்டு. ஆல்ட், சிஸ்ஆர்க்யூவோடு டபிள்யூ அழுத்தினால் தடைபட்ட ப்ராசஸ்களின் விவரம் கெர்னல் லாகில் விழும். உடனே எஸ் அழுத்தி டிஸ்க்குக்கு அனுப்ப வேண்டும். ஆர் அழுத்தினால் எக்ஸிடமிருந்து கீபோர்டை மீட்டு, கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி டெக்ஸ்ட் கன்சோலுக்குப் போக முயன்று பார்க்கலாம். ஆனால் எந்தக் கட்டளைகளை அனுமதிப்பது என்று சொல்லும் kernel.sysrq அமைப்புக்கு உபுண்டுவின் இயல்பு மதிப்பு 176. அதில் ஒத்திசைவு, ரீட்-ஒன்லி ரீமவுண்ட், ரீபூட் மட்டும்தான் உண்டு. டபிள்யூ, ஆர் இரண்டுமே வேலை செய்யாது. எனவே சோதனைக்கு முன்பே அந்த மதிப்பை 1 ஆக்கிவிடுங்கள்.

இன்னொரு கணினியிலிருந்து அனுப்பும் பிங்குக்கும் பதில் இல்லையா? அப்போது நெட்கன்சோல்தான். டிஸ்க்கைத் தொடாமல் கெர்னல் நேராக நெட்வொர்க்கில் யுடிபி வழியே இன்னொரு கணினிக்கு, இயல்பாக 6666 போர்ட்டுக்கு, செய்திகளை அனுப்பும். ஈதர்நெட் கேபிள் அவசியம். எவ்வளவு செய்தி வெளிவர வேண்டும் என்று சொல்லும் கன்சோல் லாக் லெவலை 8 ஆக்க மறந்தால் பாதிச் செய்திகள் வராது. சீரியல் கேபிள் இதைவிட உறுதியானது, ஆனால் இன்றைய லேப்டாப்களில் அதற்குப் போர்ட் ஏது?

கேடம்ப் என்ற கருவி முழு மெமரியையும் சேமிக்கும் என்றாலும், கெர்னலே நொறுங்கி நிற்கும் பேனிக் வந்தால்தான் இயங்கும். வெறும் உறைவையும் பேனிக்காக மாற்ற, சாஃப்ட்லாக்கப் பேனிக், ஹார்ட்லாக்கப் பேனிக் இரண்டையும் 1 ஆக்கி வையுங்கள்.

நெட்கன்சோலும் ஒரு வரிகூடத் தராமல் அடங்கினால் ஹார்ட்வேரைச் சந்தேகிக்கலாம். ராமை ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட்டில் ஓடவிட்டு, அடுத்து பவர் சப்ளையை மாற்றிப் பாருங்கள்.